அவள் சேர்க்க மறுத்த வரி

இங்கிலீஷ் மாஸ்டர் கோபித்துக்கொண்டு கிளம்பிப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று காலையிலிருந்தே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. நோயாளிகளை ஸ்ட்ரெச்சரோடு மாடிப்படியில் தூக்கி ஏற்றி இறக்கியதில், மாலை வகுப்புக்கு வந்த ஆயாக்களும் வார்டு பாய்களும் தோளையும் இடுப்பையும் பிடித்துக்கொண்டுதான் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். லிஃப்ட் ஓட்டுகிறவர் மட்டும் நாள் முழுக்க ஓய்வெடுத்த முகக்களையோடு முன்வரிசையில் இருந்தார். அவரை எல்லோரும் லிஃப்ட் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

மாஸ்டர் இதையெல்லாம் கவனிக்கிற ஆள் இல்லை. போர்டில் இரண்டு சின்ன வாக்கியங்களை எழுதினார். "ஹி வாஸ் இல். ஹி கேம் டு வொர்க்." அவனுக்கு உடம்பு சரியில்லை. அவன் வேலைக்கு வந்தான்.

"இன்னைக்கு இணைப்புச் சொல். நடுவுல ஒரே ஒரு சொல்லைப் போட்டு இந்த ரெண்டையும் ஒண்ணாக்குங்க. ரொம்ப சுலபம்" என்றார்.

எல்லோரும் குனிந்து எழுதினார்கள். மாஸ்டர் பெஞ்சு பெஞ்சாக வந்து பார்த்தார். முதல் தாளில் இரண்டு வாக்கியங்களும் போர்டில் இருந்தபடியே இருந்தன. இரண்டாவது தாளிலும் அப்படியே. மூன்றாவது தாளில் நடுவே இருந்த முற்றுப்புள்ளியைத் தேய்த்துத் தேய்த்து மிளகு அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள்.

"என்ன இது? சேர்க்கச் சொன்னா காப்பி அடிச்சு வெச்சிருக்கீங்க?"

அந்த மூன்றாவது தாளுக்குச் சொந்தக்காரி எழுந்து நின்றாள். இரண்டாம் மாடி ஆண்கள் வார்டில் வருஷக்கணக்காக ஆயா வேலை பார்க்கிறவள். பேரே ரெண்டாம் மாடி என்று ஆகிவிட்டது. வயதில் சின்னவர்கள் பின்னால் ஓர் அக்காவைச் சேர்த்துக்கொள்வார்கள்.

"ரெண்டு விஷயம் ரெண்டாத்தான் சார் இருக்கணும்."

"யார் சொன்னது?"

"மேட்ரன் சார்."

"மேட்ரனா? அவங்க எப்ப உங்களுக்கு கிராமர் எடுத்தாங்க?"

லிஃப்ட் அண்ணன் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் மாஸ்டரை உசுப்பிவிட்டது. சாக்பீஸை மேசையில் போட்டார். பையைத் தோளில் மாட்டினார். நேரே எதிர்ப்பக்கம் இருந்த மேனேஜர் அறைக்குப் போனார். அந்த அறையின் கதவு சாத்தினால் சாத்தியபடி நிற்காது. அதனால் அவர் சொன்னது வகுப்பு முழுக்கக் கேட்டது.

"இவங்களுக்கு பக்கெட் தூக்கத் தெரியும் சார். அதோட விட்டுடுங்க. என் நேரத்தையும் அவங்க நேரத்தையும் வீணாக்க வேணாம்."

அவர் படியிறங்கிப் போகும் சத்தம் அடங்குகிறவரை யாரும் எழுந்திருக்கவில்லை.

மாஸ்டர் மேல் முழுத் தப்பையும் போட முடியாது. நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியான மேட்ரனின் சட்டம் அவருக்கு எப்படித் தெரியும்? ஷிப்ட் மாறும்போது போகிறவர்கள் வருகிறவர்களிடம் வார்டை ஒப்படைப்பதற்கு ஓவர் கொடுப்பது என்று பெயர். முன்பெல்லாம் அதை ஓட்டமும் நடையுமாகச் செய்வார்கள். மூணாம் கட்டிலுக்கு ஆபரேஷன் அதனால பட்டினி நாலுக்குச் சாப்பாடு உண்டு ஆனா உப்பில்லாம அஞ்சு வீட்டுக்குப் போறாரு என்று ரயில் விட்ட மாதிரி ஒரே மூச்சில் கொட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்வார்கள். அப்படிக் கொட்டியதில் ஒருமுறை கேட்டவள் நாலாம் கட்டிலின் சாப்பாட்டை மூணோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஆபரேஷனுக்காகப் பட்டினி கிடக்க வேண்டிய மூன்றாம் கட்டில்காரருக்குத் தட்டு நிறையச் சாப்பாடு போனது. மனுஷன் பசியில் முழுவதையும் சாப்பிட்டுவிட்டார். ஆபரேஷன் தள்ளிப்போனது. அந்த ஆள் வலியில் சுருண்டு கிடந்தார், வாந்தி எடுத்தார், போர்வையைக் கடித்துக்கொண்டு அழுதார். விரிப்பை மாற்றப் போன ரெண்டாம் மாடியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நான் என்னம்மா தப்பு பண்ணேன்? குடுத்தாங்க, சாப்பிட்டேன்" என்றார். அவர் பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டார். ஆனால் அந்தப் பிடி அவள் கையை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் மேட்ரன் சட்டம் போட்டார். ஒரு கட்டில், ஒரு வாக்கியம். சொல்ல வேண்டும், நிறுத்த வேண்டும், எதிரில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்த கட்டில். நடுவே 'ஆனா', 'அதனால', 'அப்புறம்' என்று எதுவும் வரக் கூடாது. வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் முதலிலிருந்து ஆரம்பித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். ஒட்டவைக்கிற சொல்லைக் கண்டாலே கை தானாகப் பின்வாங்கும்படி ஆகிவிட்டது. பேனா பிடித்த கையும் அதே கைதானே.

மறுநாளே மேனேஜர் வகுப்பை மூடிவிட்டார். அந்த அறையில் குளுக்கோஸ் பெட்டிகளை அடுக்கப் போகிறார்களாம்.

"வகுப்பு இல்லன்னா பரீட்சையும் இல்ல, பரீட்சை இல்லன்னா டெஸ்க்கும் இல்ல" என்று ஒரே மூச்சில் சொன்னார். அவருக்கு மேட்ரனின் சட்டம் கிடையாது.

டெஸ்க் என்பது வார்டு வாசலில் இருக்கும் மேசை. ஒவ்வொரு மாடிக்கும் ஆயா, வார்டு ஆட்களிலிருந்தே இங்கிலீஷ் பரீட்சையில் தேறுகிற ஒருத்தரை அதில் உட்கார வைப்பதாக நிர்வாகம் முடிவு செய்திருந்தது. போனை எடுக்க வேண்டும், டாக்டர் இங்கிலீஷில் எழுதிய குறிப்பைப் படிக்க வேண்டும், ஓவரைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். தூக்குகிற வேலை கிடையாது. மற்றவர்களுக்கு அது ஒரு நாற்காலி. ரெண்டாம் மாடிக்கு அது அவளுடைய முதுகு. ஆட்களைத் தூக்கித் தூக்கி முதுகெலும்பில் தேய்மானம் என்று அதே ஆஸ்பத்திரி டாக்டரே படம் பிடித்துக் காட்டிவிட்டார். இனியும் தூக்கினால் நிற்கவே முடியாமல் போகும் என்றார். டெஸ்க் கிடைத்தால் வேலையில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் இன்னும் கொஞ்ச காலம் தூக்கிவிட்டு வெளியே போக வேண்டியதுதான்.

அவள் மேனேஜர் அறைக்குள் போய் நின்றாள்.

"மாஸ்டர் போனா பரீட்சையும் கூடவே போயிடுமா சார்? அவரு பையிலயா வெச்சிருந்தாரு?"

"சொல்லிக்குடுக்க ஆள் இல்லாம எப்படி எழுதுவீங்க?"

"அது எங்க பாடு சார். நீங்க கேள்வித்தாளை மட்டும் குடுங்க."

"எல்லாரும் ஃபெயில் ஆனா?"

"ஆனா ஆகுறோம். பக்கெட்டு எங்கயும் ஓடிடாதுல்ல?"

கதவு அப்போதும் சாத்தியபடி நிற்கவில்லை. வெளியே நின்றிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேனேஜர், தொல்லை விட்டால் போதும் என்று, சரி, பரீட்சை வைக்கிறேன் என்றார்.

வகுப்பு துணி அறைக்கு மாறியது. சலவையிலிருந்து வந்த விரிப்புகளையும் தலையணை உறைகளையும் அடுக்கி வைக்கும் அறை. உட்கார நாற்காலி இல்லை. கட்டுக்கட்டாக இருந்த போர்வைகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். மாஸ்டர் விட்டுவிட்டுப் போன மெலிந்த இலக்கணப் புத்தகம் ஒன்று கையிலிருந்தது. பின்பக்கத்தில் விடைகளும் இருந்தன. ஆனால் விடையைப் பார்த்து எழுதினாலும் மனசு ஒட்டவில்லை. மேட்ரன் தோளுக்குப் பின்னால் நிற்பதுபோலவே இருந்தது.

"எனக்கு வராதுக்கா. விட்டுடுங்க" என்று தாளைக் கசக்கினாள் எக்ஸ்ரே. எக்ஸ்ரே அறைக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற பெண். வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. ஆனாலும் சட்டம் அவளையும் பிடித்துக்கொண்டிருந்தது.

"வராதுன்னு சொன்னவரு போயாச்சு. நீ வேற அவருக்கு வக்கீலா?" என்றாள் ரெண்டாம் மாடி.

அந்த நேரத்தில் ஒரு பெண் அறை வாசலில் எட்டிப்பார்த்தாள். அவளுடைய அப்பா இரண்டாம் மாடியில் இருந்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அப்பா எப்படி இருக்காருக்கா?"

"முழிச்சிட்டாரும்மா, ஆனா பேச்சு இன்னும் தெளிவா வரல. காய்ச்சல் இறங்கினதால ட்ரிப்ஸை எடுத்துட்டாங்க. டாக்டர் வந்ததும் நீயே கேட்டுக்கலாம். அவரு சிடுசிடுன்னு பேசினாலும் நல்லவருதான், பயப்படாத" என்றாள் ரெண்டாம் மாடி.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் போனாள். லிஃப்ட் அண்ணன் போர்வைக் கட்டிலிருந்து இறங்கி வந்தார்.

"தாயே, இப்ப எத்தனை சேர்த்த?"

"என்னது?"

"'ஆனா'ன்னு ஒண்ணு போட்ட. 'இறங்கினதால'ன்ன. 'வந்ததும்'ன்ன. 'பேசினாலும்'னு வேற. மாஸ்டர் இருந்திருந்தா கால்ல விழுந்திருப்பாரு."

ரெண்டாம் மாடி தன் உதட்டைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். உண்மைதான். உறவுக்காரர்களிடம் அவள் ஒருநாளும் புள்ளி வைத்துப் பேசியதில்லை. காய்ச்சல் இருக்கு என்று சொல்லி அங்கேயே நிறுத்தினால் எதிரில் நிற்பவர் மீதியைக் கேட்காமலே அழ ஆரம்பித்துவிடுவார். ஓர் 'ஆனா'வைத் தொங்கவிட்டு அடுத்ததைச் சொல்லி முடிக்கிறவரை அவர்களுடைய கண்ணைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். இந்த வித்தையை யாரும் சொல்லித்தரவில்லை.

"எல்லாரும் கேளுங்க" என்றாள். "ஓவர் குடுக்கிற மாதிரி எழுதாதீங்க. வாசல்ல நிக்கிற பொண்ணுக்குச் சொல்ற மாதிரி எழுதுங்க. இங்கிலீஷ்ல அந்த 'ஆனா'வுக்கு 'பட்'. 'அதனால'வுக்கு 'ஸோ'. மேட்ரனை இந்த ரூமுக்குள்ள விடாதீங்க."

அதன்பிறகு அணை உடைந்த கதைதான். எதைக் கண்டாலும் சேர்த்தார்கள். லிஃப்ட் அண்ணன் "ஐ ஆம் ஹங்ரி பட் ஐ ஆம் ஹங்ரி" என்று எழுதிவிட்டு, ரெண்டு தடவை பசிக்குதே என்று வாதாடினார். எக்ஸ்ரே ஒரு பக்கம் முழுக்க முற்றுப்புள்ளியே இல்லாமல் 'பிகாஸ்', 'பிகாஸ்' என்று கோத்துக்கொண்டு போய், கடைசியில் எதற்காக ஆரம்பித்தோம் என்று தானே மறந்துபோனாள். ரெண்டாம் மாடிக்கும் 'இருந்தாலும்' என்பதற்கான 'தோ' என்கிற சொல் எங்கே உட்காரும் என்பது பிடிபடவே இல்லை. வாக்கியத்தின் தலையிலும் வாலிலும் மாற்றி மாற்றி வைத்து, நல்ல பிள்ளையாக ஓர் இடத்தில் இரு என்று அதைத் திட்டினாள். தப்பும் தவறுமாகத்தான் போனது. ஆனாலும் போனது.

பரீட்சையை கேன்டீனில் வைத்தார்கள். கேள்வித்தாளை மேனேஜரே தயாரித்திருந்தார். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு ஆஸ்பத்திரி விஷயமாகவே கேட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்து, நல்லெண்ணத்தோடுதான் செய்திருந்தார். டாக்டர் வந்தார், நர்ஸ் போனார், மழை பெய்தது, ஆம்புலன்ஸ் தாமதமானது. ரெண்டாம் மாடி வாசலில் நிற்கிற பெண்ணை மனசில் நிறுத்திக்கொண்டு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தாள். கடைசிக் கேள்விக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது.

ஏழாம் கட்டிலுக்கு ஊசி உண்டு. எட்டாம் கட்டிலுக்கு ஊசி கிடையாது. சேர்க்கவும்.

விடை தெரிந்துதான் இருந்தது. ஒரே சொல், இங்கிலீஷில் மூன்றெழுத்து. பக்கத்து மேசையில் எக்ஸ்ரே அதை எழுதி முடித்துவிட்டாள். ரெண்டாம் மாடி மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். பிறகு அந்த இரண்டு வாக்கியங்களையும் தனித்தனியாக, தனித்தனி வரியில் எழுதி, கீழே தமிழில் எழுதினாள்: இது ரெண்டு ஆள். இதைச் சேர்க்க மாட்டேன்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். மேட்ரனும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"மத்ததெல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. எனக்கே ஆச்சரியம். கடைசிக் கேள்விதான் தகராறு. முழுசா எழுதாத தாளைத் திருத்தக் கூடாதுன்னு விதி. தெரியாம விட்டுட்டீங்களா?"

"தெரியும் சார்."

"என்ன சொல் வரும்?"

"பட்."

"அவ்வளவுதானே! எழுதுங்க, நான் பாக்கல" என்று மேனேஜர் தாளையும் தன் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார். "உங்க முதுகு விஷயம் எனக்கும் தெரியும். ரெண்டாம் மாடி டெஸ்க் உங்களுக்குத்தான்னு மனசுல முடிவே பண்ணிட்டேன்."

அவள் பேனாவைப் பார்த்தாள். நல்ல பேனா. நின்றுகொண்டே இருந்ததில் இடுப்புக்குக் கீழே வலி சுருக் சுருக்கென்று இறங்கிக்கொண்டிருந்தது.

"மாட்டேன் சார்."

"ஏம்மா? இது பரீட்சை. வார்டு இல்ல. இங்க கட்டிலும் இல்ல, ஊசியும் இல்ல."

"கட்டில் நம்பர் இருக்கே சார்."

"கற்பனைம்மா! சும்மா ஒரு நம்பர்!"

"எங்க கைக்கு அது தெரியாது சார். சேர்க்காதேன்னு சொல்லிச் சொல்லிப் பழக்கின கை. இன்னைக்குப் பரீட்சைக்குன்னு சேர்க்கும். நாளைக்கு அவசரத்துக்குன்னு சேர்க்கும்."

"எழுதினா டெஸ்க். எழுதலன்னா பழையபடி ஸ்ட்ரெச்சர். உங்க இஷ்டம்."

ரெண்டாம் மாடி மேட்ரனைப் பார்த்தாள். சட்டம் போட்டவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தாள். மேட்ரன் ஜன்னலுக்கு வெளியே நின்ற ஆம்புலன்ஸை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த டெஸ்க்ல உக்காந்து நான் பாக்கப்போற வேலை என்ன சார்? ரெண்டு கட்டிலை ஒண்ணாச் சேர்க்காம பாத்துக்கிறதுதானே? சேர்த்துக் காட்டினாத்தான் அந்த வேலைன்னா, அது எப்படி சார்?"

மேனேஜர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "விதி விதிதான்" என்றார். அவள் பேனாவை மூடி, அவர் பக்கமே தள்ளி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டில் அவள் புருஷன் தலையில் அடித்துக்கொண்டான். கடைகளுக்குச் சரக்கு வேன் ஓட்டுகிறவன். அவளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிற வேலையும் அவனுடையதுதான்.

"ஒரே ஒரு சொல்லுடி. எழுதிட்டு வந்து கையைக் கழுவியிருக்கலாம்ல? யாரு பாக்கப்போறா?"

"ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்லாதப்பவும் நீ ஏன் சிவப்பு விளக்குல நிக்கிற?"

"எங்கயாவது போலீஸ் ஒளிஞ்சு நிப்பான்னுதான்."

"பொய் சொல்லாத. நான் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன்."

அவன் துணியை வெந்நீரில் முக்கிப் பிழிந்தான். "திரும்பிப் படு" என்றான்.

இரண்டாம் மாடி டெஸ்க் எக்ஸ்ரேவுக்குப் போனது. அவள் அழுதுகொண்டே துணி அறைக்கு வந்தாள்.

"நான் யோசிக்காம சேர்த்துட்டேன்க்கா. அது உங்க நாற்காலி அக்கா."

"நாற்காலிக்கு நாலு கால்தான் இருக்கு, என் பேரு இல்ல. போய் நிமிந்து உக்காரு. ஒண்ணு மட்டும் சொல்றேன். எவளாவது ரயில் விட்டா, முதல்லருந்து சொல்ல வை. உன் சொந்தக்காரியா இருந்தாலும், நானா இருந்தாலும் சரி."

சொன்னபடியே எக்ஸ்ரே ஒருநாள் அவளையே மடக்கினாள். வலியின் அவசரத்தில் ரெண்டாம் மாடி இரண்டு கட்டிலை ஒட்டிச் சொல்லிவிட்டாள். "அக்கா, முதல்லருந்து" என்றது டெஸ்க். வார்டே திரும்பிப் பார்த்தது. ரெண்டாம் மாடி பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். கோபம் வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

முதுகு அதற்குப் பிறகு ரொம்ப நாள் தாங்கவில்லை. ஒரு மழைக்காலத்தில், கனமான ஓர் ஆளைக் கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றிவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். எழுந்த பிறகு ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். எழுதியது இங்கிலீஷில். 'பிகாஸ்' ஒன்று, 'ஸோ' ஒன்று, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. மேனேஜர் படித்துவிட்டு நிமிர்வதற்குள் அவள் படியில் பாதி இறங்கிவிட்டாள். லிஃப்ட் அண்ணன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஏறு தாயே, கடைசித் தடவை" என்று கூப்பிட்டார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நடந்தே இறங்கினாள்.

ஊரின் மறுகோடியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. மாத்திரை எடுத்துக் கொடுப்பது, பேச்சுத்துணைக்கு இருப்பது, பிள்ளைகளிடமிருந்து வரும் போனை எடுப்பது. போனில் அவள் ஆனாவும் அதனாலவும் தாராளமாகப் போட்டாள். ஷிப்ட் மாறும்போது மட்டும் ஓர் ஆளுக்கு ஒரு வாக்கியம். புதிதாகச் சேர்ந்தவர்கள் இந்தப் பொம்பளைக்கு என்ன கிறுக்கா என்று கேட்டார்கள். கிறுக்குத்தான், திருப்பிச் சொல்லு என்றாள்.

சில வருஷங்கள் ஓடிவிட்டன. ஒரு மத்தியானம் மாத்திரைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. எக்ஸ்ரே. குரலாக அனுப்பாமல் எழுத்தாகவே அனுப்பியிருந்தாள்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா. இந்த வருஷப் பரீட்சைக் கேள்வித்தாள் என் டெஸ்க்குக்கு வந்துச்சு. கட்டில் நம்பர் போட்ட கேள்வி ஒண்ணுகூட இல்ல. யாரு அதை நீக்கினாங்கன்னு கேட்டேன். ஆளாளுக்குக் கையை விரிச்சாங்க. கீழ்மாடி டெஸ்க் காலியா இருக்கு. உங்களைக் கேக்கச் சொன்னாங்க. பரீட்சை வேணாமாம், பழைய தாளே போதுமாம். ஆனா, அன்னைக்கு எழுதாதது தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு வரணும்னு மேனேஜர் சொன்னாரு. அக்கா சத்தியமா எழுத மாட்டாங்கன்னு நானே சொல்லிட்டேன். அப்புறம், சரி, எழுதாமயே வரச் சொல்லுன்னாரு."